கைது செய்ய வந்த போலீஸ் பீரோவைத் திறக்கலாமா?

கேள்வி இதுதான். கேட்டவருடைய தம்பி மேல் ஓர் அடிதடி வழக்கு. விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஒரு எஸ்.ஐ.யும் நான்கு காவலர்களும் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். கதவைத் திறந்ததே தம்பிதான். அவனைக் கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அடுத்த ஒரு மணி நேரம் வீட்டைப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள். அம்மாவின் பீரோ, பரண், சமையலறை டப்பாக்கள் வரை ஒன்றும் பாக்கியில்லை. “வாரண்ட் இருக்கா சார்?” என்று இவர் கேட்டதற்கு, “கைது பண்ண வந்தா வாரண்ட் எல்லாம் வேண்டாம்மா” என்று பதில் வந்திருக்கிறது. போகும்போது ஒரு லேப்டாப்பையும் ஒரு வங்கிப் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு போனார்கள். கையில் ஒரு துண்டுச் சீட்டுகூடத் தரவில்லை. இப்படிச் செய்யலாமா என்று கேட்கிறார்.

அந்த எஸ்.ஐ. சொன்னதில் பாதி சரி. ஆயுதத்தால் காயப்படுத்தியது போன்ற வழக்குகளில் போலீஸ் வாரண்ட் இல்லாமலேயே கைது செய்யலாம். ஸ்டேஷனில் இவற்றைக் ‘காக்னிசபிள்’ வழக்கு என்பார்கள். வீட்டைச் சோதனை போடுவதற்கும் பல நேரங்களில் வாரண்ட் தேவையில்லை. ஆனால் கைது செய்யலாம் என்பதனாலேயே வீட்டைப் புரட்டலாம் என்று ஆகிவிடாது. நம் சட்டம் இதை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது: ஆளைத் தேடுவது, பிடிபட்ட ஆளின் உடம்பைத் தேடுவது, பொருளைத் தேடுவது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரிவு, தனி நிபந்தனை. மூன்றையும் ஒரே மூச்சில் கலந்துவிடுவதில்தான் எல்லாக் குழப்பமும்.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. பி.என்.எஸ்.எஸ். என்று சுருக்கிச் சொல்வோம். பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. இந்த விஷயத்தில் சாரம் பெரும்பாலும் பழையதே, ஓரிரண்டு முக்கியமான சேர்க்கைகளைத் தவிர. பழைய எண்ணையும் கூடவே சொல்கிறேன், வக்கீல்களும் ஏட்டுகளும் இன்னும் அதில்தான் பேசுகிறார்கள்.

முதலில் ஆளைத் தேடுவது. இது பி.என்.எஸ்.எஸ். 44-ஆவது பிரிவு, பழைய 47. கைது செய்ய அதிகாரமுள்ள போலீஸ்காரர், தேடப்படும் ஆள் ஓர் இடத்துக்குள் நுழைந்திருக்கிறான் அல்லது உள்ளே இருக்கிறான் என்று நம்புவதற்குக் காரணம் இருந்தால், அந்த இடத்தில் இருப்பவர்கள் அவரை உள்ளே விட வேண்டும், தேடுவதற்கு வசதியும் செய்து கொடுக்க வேண்டும். தான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று சொல்லி, திறக்கச் சொல்லிக் கேட்டும் திறக்கவில்லை என்றால் கதவை உடைக்கலாம். இதற்குத் தேடுதல் வாரண்ட் கிடையாது. ‘எந்த இடமும்’ என்று சட்டம் சொல்வதால், அவனுடைய சொந்த வீடுதான் என்றில்லை. சித்தப்பா வீட்டில் பதுங்கியிருக்கிறான் என்று நம்பக் காரணம் இருந்தால் அந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம்.

ஆனால் இந்தப் பிரிவில் தேடுவது மனிதனை. மனிதன் ஒளியக்கூடிய இடங்களைத்தான் பார்க்க முடியும். கட்டிலுக்கு அடியில் பார்க்கலாம். குளியலறை, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பரண், பெரிய மர அலமாரி எல்லாம் பார்க்கலாம். அஞ்சறைப் பெட்டிக்குள் யாரும் ஒளிய முடியாது. நகைப் பெட்டிக்குள்ளும், பாஸ்புக் வைத்திருக்கும் இழுப்பறைக்குள்ளும் முடியாது. இன்னொன்று, ஆள் கையில் கிடைத்த நொடியில் 44-இன் வேலை முடிந்துவிடுகிறது. உங்கள் வீட்டில் கதவைத் திறந்ததே தம்பி என்கிறீர்கள். அப்படியென்றால் இந்தப் பிரிவின் கீழ் அவர்கள் பரணைத் தொடுவதற்குக்கூட வேலை இல்லை.

இதில் ஒரு விலக்கு உண்டு. ஆளைப் பிடிக்கச் சட்டப்படி உள்ளே வந்த இடத்தில், கண்ணெதிரே மேஜை மேல் ரத்தக் கறையோடு ஓர் அரிவாள் கிடந்தால் அதைப் பார்க்காத மாதிரி போக வேண்டியதில்லை. திருட்டுப் பொருள் என்று சந்தேகப்படும்படியோ, ஒரு குற்றம் நடந்திருக்கிறது என்ற சந்தேகத்தைக் கிளப்பும்படியோ கிடக்கும் பொருளை 106-ஆவது பிரிவில் (பழைய 102) கைப்பற்றலாம். கைப்பற்றியதை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். மூடிய பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு ‘கண்ணில் பட்டது’ என்று சொல்ல இது இடம் தராது.

இரண்டாவது, உடம்பைத் தேடுவது. 49-ஆவது பிரிவு, பழைய 51. கைதானவனின் சட்டைப் பை, பர்ஸ், இடுப்பு மடிப்பு எல்லாவற்றையும் பார்க்கலாம். உடுத்தியிருக்கும் துணியைத் தவிர மற்றதை எடுத்துப் பத்திரப்படுத்தலாம். எடுத்தவற்றுக்கு ரசீது தந்தாக வேண்டும். கைதானவர் பெண்ணாக இருந்தால் பெண்தான் சோதிக்க வேண்டும், கண்ணியம் குறையாமல். இவ்வளவுதான். உடம்போடு நின்றுவிடும் அதிகாரம் இது, வீட்டுக்கு நீளாது.

இங்கே ஒரு விஷயம். ‘வாரண்ட் எங்கே’ என்று நாம் எல்லோரும் கேட்கப் பழகியது ஆங்கிலப் படங்களைப் பார்த்து. அமெரிக்காவில் அதற்கு அடிப்படை இருக்கிறது. 1965-இல் கலிஃபோர்னியாவில் ஒரு நாணயக் கடைத் திருட்டு வழக்கில் சிமெல் என்பவரைக் கைது வாரண்டோடு வீட்டில் பிடித்தார்கள். பிடித்த கையோடு மூன்று படுக்கையறை வீடு முழுவதையும் முக்கால் மணி, ஒரு மணி நேரம் துழாவினார்கள். 1969-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது: கைதானவனின் உடம்பையும், ஆயுதத்தையோ ஆதாரத்தையோ அவன் கை நீட்டி எடுத்துவிடக்கூடிய தூரத்தையும் பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டுமானால் தேடுதல் வாரண்ட் வாங்கி வா என்றது. இப்படி முறை தவறிக் கிடைத்த பொருளைப் பொதுவாக அங்கே வழக்கில் பயன்படுத்தவும் முடியாது. நம்மிடம் இரண்டுமே வேறு. இங்கே போலீஸ் பொருளைத் தேட வாரண்ட் இல்லாமல் ஒரு வழி இருக்கிறது. வழி தவறினாலும் கிடைத்த பொருள் தானாக வீணாகிவிடாது. அதனால் அமெரிக்கப் படத்து வசனத்தை இங்கே சொன்னால், ஸ்டேஷனில் சிரித்துவிட்டுப் போவார்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

அந்த வழிதான் 185-ஆவது பிரிவு, பழைய 165. உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதில்தான் இருக்கிறது. ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியோ, வழக்கை விசாரிக்கும் அதிகாரியோ வாரண்ட் இல்லாமல் ஓர் இடத்தில் பொருளைத் தேடலாம். ஆனால் சில விஷயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தி வர வேண்டும். அவர் விசாரிக்க அதிகாரமுள்ள குற்றத்தின் விசாரணை நடந்துகொண்டிருக்க வேண்டும். அந்த விசாரணைக்குத் தேவையான ஒரு பொருள் அந்த இடத்தில் இருக்கும் என்று நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும். தேவையற்ற தாமதம் இல்லாமல் அதை வேறு வழியில் பெற முடியாது என்று அவர் கருத வேண்டும். அப்படிக் கருதும் காரணத்தையும், தேடப் போகும் பொருள் இன்னது என்பதையும், தேடுவதற்கு முன்பே கேஸ் டைரியில், அதாவது விசாரணையைப் பற்றி அதிகாரி எழுதி வரும் குறிப்பேட்டில், எழுத வேண்டும். எழுதிவிட்டுத்தான் கதவைத் தட்ட வேண்டும். இடம் அந்த ஸ்டேஷன் எல்லைக்குள் இருக்க வேண்டும். எல்லை தாண்டினால் 186-ஆவது பிரிவின்படி அந்தப் பக்கத்து ஸ்டேஷனையும் சேர்த்துக்கொள்ளும் நடைமுறை தனியாக இருக்கிறது.

‘வேறு வழியில் பெற முடியாது’ என்பதை நான் எப்போதும் அழுத்திக் கேட்பேன். உங்கள் வீட்டு வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அடிதடியில் பயன்படுத்திய கத்தி வீட்டில் இருக்கிறது என்று தகவல் வந்தால், மாஜிஸ்திரேட்டிடம் போய் வாரண்ட் வாங்கி வருவதற்குள் யாராவது அதைக் கிணற்றில் போட்டுவிடுவார்கள் என்று போலீஸ் சொன்னால், நீதிபதி தலையாட்டுவார். பாஸ்புக்? அடிதடி வழக்குக்கும் பாஸ்புக்குக்கும் என்ன தொடர்பு என்பது முதல் கேள்வி. தொடர்பு இருந்தாலும், வங்கிக்கு 94-ஆவது பிரிவில் (பழைய 91) ஓர் உத்தரவு அனுப்பினால் கணக்கு விவரம் முழுவதும் வந்துவிடும். வங்கியின் கணினியில் இருப்பதை யாரும் கிணற்றில் போட முடியாது. இந்த மாதிரி இடத்தில்தான் 185 நொண்டும்.

தேடப் போகும் பொருளை எழுத வேண்டும் என்பதற்கும் ஒரு பயன் இருக்கிறது. ‘ஏதாவது கிடைக்குமா பார்ப்போம்’ என்று துழாவுவதைத் தடுப்பதற்கான வேலி அது. இன்னது என்று எழுதிவிட்டால் அந்தப் பொருளின் அளவுக்கும் வடிவத்துக்கும் ஏற்பத்தான் தேடலும் இருக்க முடியும். இரண்டடி அரிவாளைத் தேடுகிறவர் மிளகாய்த்தூள் டப்பாவைக் கவிழ்க்க வேண்டியதில்லை.

அப்புறம், யார் தேடலாம் என்பது. விசாரணை அதிகாரி முடிந்தவரை தானே தேட வேண்டும். முடியாவிட்டால், இந்த இடம், இந்தப் பொருள் என்று குறிப்பிட்டுக் கீழே உள்ளவருக்கு எழுத்தில் உத்தரவு தர வேண்டும், தன்னால் ஏன் போக முடியவில்லை என்பதையும் எழுத வேண்டும். ‘ஐயா பாத்துட்டு வரச் சொன்னாங்க’ என்று இரண்டு காவலர்கள் வந்து அலமாரியைத் திறக்கச் சொன்னால், அந்த எழுத்து உத்தரவு எங்கே என்று கேட்பது முழுக்க நியாயம்.

தேடும் முறை 103-ஆவது பிரிவில் இருக்கிறது, பழைய 100. அந்த வட்டாரத்தைச் சேர்ந்த, வழக்கில் சம்பந்தமில்லாத, மரியாதைக்குரிய இரண்டு பேரையாவது சாட்சிக்குக் கூப்பிட வேண்டும். அக்கம்பக்கத்தில் யாரும் வர முன்வராவிட்டால் வேறு வட்டாரத்திலிருந்து. தேடுதல் அவர்கள் கண்ணெதிரில் நடக்க வேண்டும். எடுத்த ஒவ்வொரு பொருளையும், அது வீட்டில் எந்த இடத்தில் கிடைத்தது என்பதையும் எழுதிய பட்டியலில் அவர்கள் கையெழுத்திட வேண்டும். வீட்டில் குடியிருப்பவரோ அவர் சார்பில் ஒருவரோ கூடவே இருந்து பார்க்க அனுமதிக்க வேண்டும். ‘எல்லாரும் வெளியே நில்லுங்க’ என்று சொல்லிவிட்டு உள்ளே தேடினால் அது நேரடியான மீறல். பட்டியலின் நகல் ஒன்று குடியிருப்பவர் கையில் தரப்பட வேண்டும். உங்களுக்குத் தராமல் போனார்களே, அந்தச் சீட்டு இதுதான்.

நம் ஊரில் இதை மகஜர் என்கிறோம், எழுத்தில் அத்தாட்சி என்றும் போடுவார்கள். நடைமுறையில் பல மகஜர்களில் சாட்சியாக வருபவர்கள் கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும்தான். ஐந்தரை மணிக்கு வீட்டில் சோதனை நடந்திருக்கும். அவர்கள் கையெழுத்து பதினொரு மணிக்கு ஸ்டேஷனில் விழுந்திருக்கும். நான் பார்த்த ஒரு வழக்கில் மகஜர் சாட்சி கூண்டில் ஏறி, “வடக்குப் பார்த்த வீடு, திண்ணையில் உட்கார்ந்து எழுதினோம்” என்றார். வீடு கிழக்குப் பார்த்தது. அதற்குத் திண்ணையே கிடையாது, ரோட்டிலிருந்து நேராகப் படி. வீட்டு வரி ரசீதும் ஒரு கல்யாண போட்டோவும் போதுமானதாக இருந்தன. இந்த மாதிரி விவரங்கள் வழக்கின் போக்கையே மாற்றிவிடும், அதனால்தான் அன்றைக்கு நடந்ததை அன்றைக்கே எழுதி வைக்கச் சொல்கிறேன்.

புதிய சட்டத்தின் பெரிய சேர்க்கை வீடியோ. 185-லும் 105-லும் தெளிவாகவே இருக்கிறது: சோதனை நடப்பது, பட்டியல் எழுதுவது, சாட்சிகள் கையெழுத்திடுவது எல்லாம் ஒலி-ஒளியாகப் பதிவு செய்யப்பட வேண்டும், கைபேசியில் எடுத்தாலே போதும். பதிவைத் தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். இதற்காகவே இ-சாக்ஷ்யா என்ற செயலியும் போலீஸுக்குத் தரப்பட்டிருக்கிறது. பழைய நாட்களில் வீட்டுக்காரர் சொல் ஒரு பக்கம், எஸ்.ஐ. சொல் ஒரு பக்கம் என்று நிற்கும். இப்போது வீடியோ எங்கே என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாலே விசாரணை அதிகாரி பதில் தேட வேண்டியிருக்கிறது. வீட்டுக்காரர் தன் போனில் எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தடுக்கும் வாசகம் 103-லும் இல்லை, 185-லும் இல்லை. ஆனால் முகத்துக்கு நேரே நீட்டிச் சண்டை இழுக்காமல், ஓர் ஓரமாக நின்று எடுப்பது புத்திசாலித்தனம்.

இன்னொரு புதிய விஷயம் 48 மணி நேரக் கெடு. தேடுவதற்கு முன் எழுதிய காரணக் குறிப்பின் நகலை உடனடியாக, 48 மணி நேரத்துக்கு மிகாமல், மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். பழைய சட்டத்தில் ‘உடனடியாக’ என்று மட்டும்தான் இருந்தது; அந்த வார்த்தையை ஒவ்வொருவரும் அவரவர் வசதிக்கு நீட்டிக்கொண்டார்கள். வீட்டின் சொந்தக்காரரோ குடியிருப்பவரோ மனு போட்டால் இந்தக் குறிப்பின் நகலை மாஜிஸ்திரேட் இலவசமாகத் தர வேண்டும். கேஸ் டைரியைக் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு கேட்டு வாங்க முடியாது என்பது பொது விதி, ஆனால் அந்த டைரியில் எழுதச் சொன்ன இந்த ஒரு குறிப்பு மட்டும் உங்கள் கைக்கு வரும். இந்த மனுவைப் போடுகிறவர்கள் மிகக் குறைவு. என்னைக் கேட்டால், முதலில் போட வேண்டிய மனுவே இதுதான். குறிப்பு அங்கே இல்லை என்றால், தேடுவதற்கு முன் அதை எழுதினார்களா என்ற சந்தேகத்தைக் கிளப்ப அது ஒன்றே போதும்.

சரி, இதையெல்லாம் மீறினால் என்ன ஆகும்? இங்கேதான் எல்லோருக்கும் ஏமாற்றம். மூன்று பழைய தீர்ப்புகளைப் பார்க்கலாம். புகையிலை பயிரிட்ட ரஹ்மான் என்பவர் வீட்டைச் சோதனையிட வந்த கலால் அதிகாரிகளைத் தடுத்தார். அரசு ஊழியரைத் தடுத்ததாக அவர் மேல் வழக்கு. காரணத்தை முன்கூட்டி எழுதாத சோதனை சட்டவிரோதம், அதைத் தடுத்தது குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ராஜஸ்தான் அரசு எதிர் ரஹ்மான், 1960-ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருக்கிறது. எழுதுவது வெறும் சம்பிரதாயம் இல்லை என்பதற்கு இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு இது.

அடுத்தது ராதாகிஷன் வழக்கு, 1963. அவர் ஒரு தபால்காரர். பட்டுவாடா செய்யாத தபால்கள் அவர் வீட்டு அலமாரியில் கிடைத்தன. சோதனை முறைப்படி நடக்கவில்லை என்று வாதாடினார். அப்படியே இருந்தாலும், முறை தவறிய சோதனையைத் தடுக்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு, கைப்பற்றிய சாட்சியத்தை நீதிமன்றம் கூடுதல் கவனத்தோடு பார்க்கும், அதற்கு மேல் விளைவு எதுவும் இல்லை என்றது நீதிமன்றம். ஆனாலும் அவர் தப்பினார், வேறொரு காரணத்தால். அலமாரிச் சாவியைக் கொடுத்தவர் அவருடைய அப்பா. அலமாரி இவருடைய தனி வசத்தில் இருந்தது என்று நிரூபிக்கப்படவில்லை. கூட்டுக் குடும்பத்து வீட்டில் ஏதாவது கிடைத்தால், அது கிடைத்த இடத்தின் சாவி யாரிடம் இருந்தது என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்று பாருங்கள். உங்கள் வீட்டில் திறந்தது அம்மாவின் பீரோ. சாவியை எடுத்துக் கொடுத்தது யார் என்று இன்றே குறித்து வையுங்கள்.

மூன்றாவது பூரன்மல் வழக்கு, 1973 டிசம்பரில் ஐந்து நீதிபதிகள் சொன்னது. வருமான வரிச் சோதனை பற்றியது. முறை தவறிய சோதனையில் கிடைத்தது என்பதற்காக மட்டும் ஓர் ஆதாரத்தை ஒதுக்க முடியாது, வழக்குக்குத் தொடர்புடையதா என்பதே கேள்வி என்று முடிவானது. 1954-இல் எம்.பி.சர்மா வழக்கில் நம் அரசியல் சட்டத்தில், நியாயமற்ற சோதனையைத் தடுக்கும் அமெரிக்க நான்காவது திருத்தம் போல ஒன்று இல்லை என்று சொல்லப்பட்டிருந்தது அதற்குப் பின்னணி. 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொல்லி, அந்த உரிமை இல்லை என்ற சர்மா தீர்ப்பின் கருத்தை நீக்கினார்கள். அந்தரங்கத்துக்கு மதிப்பு கூடியிருக்கிறது. பூரன்மல் மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது. ஆக, தவறான சோதனையால் போலீஸ் தரப்புக்கு வரும் நஷ்டம் நம்பகத்தன்மையில்தான்: சாட்சிகள் நம்பத்தக்கவர்கள்தானா, பொருள் உண்மையிலேயே அங்கே இருந்ததா என்ற சந்தேகம் பலமாகிறது.

போதைப்பொருள் வழக்கு மட்டும் கொஞ்சம் தனி ரகம். தண்டனை கடுமை என்பதால் நடைமுறையும் கறார். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் (என்.டி.பி.எஸ்.) 42-ஆவது பிரிவில், தகவல் வந்தால் எழுதி வைத்துக்கொண்டு சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை வாரண்ட் இல்லாமல் நுழையலாம். இரவில் நுழைவதென்றால், வாரண்ட் வாங்கப் போனால் பொருளை மறைத்துவிடுவார்கள் என்று நம்புவதற்கான காரணத்தைத் தனியாக எழுத வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு நகல் போக வேண்டும். 2009-இல் கர்நைல் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள், தாமதத்துக்கு விளக்கம் இருந்தால் பார்க்கலாம், அடியோடு பின்பற்றாமல் விட்டால் ஏற்க முடியாது என்றார்கள். மற்ற வழக்குகளில் இவ்வளவு பிடி கிடையாது.

பெண்கள் விஷயம். கைதாக வேண்டியவர் பெண் என்றால், சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் கைது கூடாது. விதிவிலக்கான சூழ்நிலையில், பெண் அதிகாரி எழுத்தில் அறிக்கை தந்து மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற வேண்டும். ஆண்களுக்கு இந்த நேரக் கட்டுப்பாடு இல்லை, அதனால் ஐந்தரை மணி என்பதை மட்டும் வைத்துக் குறை சொல்ல முடியாது. வீட்டில் இருக்கும் பெண் எதையோ உடம்பில் மறைத்திருக்கிறார் என்று சந்தேகப்பட்டால் பெண்தான் சோதிக்க வேண்டும்.

கைதான பிறகு, ஒரு நாள் இரண்டு நாள் கழித்து, அவனையே கூட்டிக்கொண்டு வந்து ‘இவன் காட்டிய இடத்தில் எடுத்தோம்’ என்பது இன்னொரு வகை. ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தான், அதன்பேரில் கத்தி மீட்கப்பட்டது என்று செய்தித்தாளில் வருமே, அதுதான். பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, இன்று பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23. வாக்குமூலத்தில் பொருள் கண்டுபிடிக்கப்பட வழிகாட்டிய பகுதி மட்டும் சாட்சியமாகும், மீதி ஆகாது. அப்போதும் மகஜர், சாட்சி, வீடியோ எல்லாம் கேட்டுப் பார்க்க வேண்டியவைதான்.

மறுபடி ஒருமுறை யாராவது வந்தால் என்ன செய்வது? கதவை மறிக்காதீர்கள். ரஹ்மான் வழக்கை நம்பிக் கையை நீட்டினால், அந்தச் சோதனை சட்டவிரோதம் என்று நிரூபணமாகும்வரை அரசு ஊழியரைத் தடுத்ததாக உங்கள் மேலும் ஒரு வழக்கு நிற்கும். அமைதியாக மூன்று விஷயம் கேட்கலாம்: எந்த வழக்கு எண், எந்தப் பொருளைத் தேடுகிறீர்கள், சாட்சிகள் யார். சட்டைப் பெயர்ப் பட்டையைப் பாருங்கள், கைது செய்கிறவர் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று 36-ஆவது பிரிவே சொல்கிறது. அதே பிரிவில்தான் கைதுக் குறிப்பும் வருகிறது. குடும்பத்தில் ஒருவரோ அக்கம்பக்கத்துப் பெரியவர் ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். “நீங்களே பீரோவைத் திறந்து காட்டுங்களேன்” என்று தன்மையாகக் கேட்டால், “எனக்குச் சம்மதமில்லை சார், ஆனா தடுக்கவும் மாட்டேன்” என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றுகொள்ளுங்கள். நீங்களாகத் திறந்து கொடுத்துவிட்டு, பிறகு அத்துமீறல் என்று சொல்வது கஷ்டம். வெற்றுத் தாளில் கையெழுத்து, எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. எழுதிய தாள் என்றால் படித்துப் பார்த்து, நேரத்தையும் போட்டுக் கையெழுத்திடுங்கள்.

லேப்டாப், போன் கேட்டால் பூட்டைத் திறந்து கொடுக்க வேண்டுமா என்பது பெரிய சர்ச்சை. தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியல் சட்டத்தின் 20(3) இதற்குப் பொருந்துமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. வக்கீலைக் கேட்காமல் பாஸ்வேர்டு சொல்லாதீர்கள், அவ்வளவுதான் இங்கே சொல்ல முடியும்.

உங்கள் விஷயத்தில் இப்போது செய்ய வேண்டியது. நடந்ததை நேரம், பெயர், வந்தவர்கள் எண்ணிக்கையோடு ஒரு தாளில் எழுதுங்கள். எதிர் வீட்டிலோ தெருமுனைக் கடையிலோ சிசிடிவி இருந்தால் இன்றே பேசி அந்தக் காலை நேரப் பதிவை வாங்கி வையுங்கள், அடுத்த வாரம் அது அழிந்திருக்கும். வக்கீல் மூலம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில், சோதனைக் காரணக் குறிப்பின் நகல் கேட்டு 185(5)-இன் கீழ் ஒரு மனு போடுங்கள். கூடவே சோதனை வீடியோ வந்து சேர்ந்ததா என்றும் அந்த மனுவிலேயே கேளுங்கள். லேப்டாப் நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கைப்பற்றிய பொருளை அனுப்பும் படிவத்தில், தமிழ்நாட்டில் படிவம் 95 என்பார்கள், அது இருக்க வேண்டும். இல்லையென்றால், வீட்டிலிருந்து எடுத்த ஒரு பொருள் எந்தக் கணக்கிலும் இல்லை என்று ஆகிறது. அதை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் புகாராக அனுப்பலாம். கணக்கில் இருந்தால், திரும்பக் கேட்டு 503-ஆவது பிரிவில் (பழைய 457) மனு போடலாம்; வாங்கிய பில் இருந்தால் சேர்த்துக் கொடுங்கள். பாஸ்புக்குக்காக மட்டும் அலைய வேண்டாம், வங்கியில் எழுதிக் கொடுத்தால் வேறு தருவார்கள்.